ஒரு துளி இரத்தமும் ஒரு சரியான சொல்லும்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் வானொலியில் அடிக்கடி பேசப்படுவதன்று, வீட்டிலும் பேசப்படுவதில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்த மகளிர்க்குச் சிறுநீர் வெளிவரும் வாயிலில் சில வேளை ஒரு சிறு சதை வளர்ச்சி தோன்றுவதுண்டு. அது ஏன் சிவந்திருக்கிறது, தொட்டால் ஏன் இரத்தம் கசிகிறது, அதன் உள்ளே திசுக்களும் இரத்த ஓட்டமும் எவ்வாறு மாறுகின்றன என்பவற்றைச் சொல்ல முயல்வோம். இதற்காக எவரும் வானொலியின் ஒலியைக் குறைக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களையும் அருகே அமர்த்திக்கொண்டு கேட்பது நலம். உண்மையில் அவர்களை எண்ணியே இப்பேச்சு எழுதப்பட்டது.

நாம் மருத்துவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, தலைநகரில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகிறோம். ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் பிசகின்றிச் சொல்லுவதே நமது தொழில். அத்தொழிலில் நாம் செய்த ஒரு பிழைதான் இப்பொருளைக் கற்றுக்கொள்ள நம்மைத் தூண்டிற்று. ஆதலால் அப்பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

நமது குடியிருப்பில் அடுத்த வீட்டில் இருப்பவர்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். அவ்வீட்டு மூதாட்டியார், கணவர் காலமான பின் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனுடன் வந்து தங்கியவர். வயது 68. நாமும் அவரை ஆச்சி என்றே அழைப்போம். தில்லியில் பல குளிர்காலங்களைக் கழித்தும் ஆச்சியின் இந்தி காய்கறி வண்டிக்காரரிடம் விலை பேசும் அளவைத் தாண்டவில்லை. அதற்குமேல் வேண்டியிருந்தால் நம்மைக் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவ்வாறு கூப்பிட்டார். “ஒன்றுமில்லை தாயி, உடம்புச் சூடுதான். கீழே எரிகிறது” என்றார். வெந்தயம் ஊறிய நீரையும் சீரகம் கொதித்த நீரையும் ஒரு வாரம் குடித்துப் பார்த்திருக்கிறார், குறையவில்லை. அருகிலிருந்த ஒரு மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். முறை வந்ததும் மருத்துவர் இந்தியில் கேட்டார். ஆச்சி நம் காதருகே குனிந்து, “கீழே எரிச்சல். துணியிலே ஒரு சொட்டுக் கறையும் பட்டது” என்றார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தனர்; அவர்களில் ஆண்களும் இருந்தனர். நாமும் பெண்ணாயிருந்தும் நமக்கு நா எழவில்லை. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்பதை மட்டும் சொன்னோம். கறையைச் சொல்லவில்லை.

மருத்துவர், தமக்குச் சொல்லப்பட்டதற்கு உரிய மருந்தைத் தந்தார். எரிச்சல் சற்றே குறைந்தது. கறை நிற்கவில்லை. ஆச்சி அதைப் பிறகு எவரிடமும் சொல்லவில்லை. “டாக்டரிடம் சொல்லியாயிற்றே, அவர் ஒன்றும் கேட்கவில்லையே” என்று எண்ணிக்கொண்டார். இப்படியே மூன்று மாதங்கள் சென்றன. துவைத்த துணியை மடித்த மருமகள் கறையைக் கண்டு நம்மிடம் வந்தபோதுதான், நாம் விட்டுவிட்ட ஒரு சொல்லின் விலை நமக்குத் தெரிந்தது.

இம்முறை மகளிர் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, “இரத்தம் எந்த வழியிலிருந்து வருகிறது?” என்பது. ஆச்சி, “கீழேதான்” என்றார். அம்மையார் புன்முறுவலுடன், “கீழே மூன்று வழிகள் இருக்கின்றன, பாட்டி” என்றார்.

அச்சொல்லை அன்று நாம் மொழிபெயர்த்தோம், இன்றுவரை மறக்கவில்லை. சிறுநீர் வரும் வழி ஒன்று. மாதவிடாயும் மகப்பேறும் நிகழும் யோனி வழி ஒன்று. மலம் கழியும் வழி ஒன்று. மூன்றும் சில அங்குல இடத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. துணியில் படும் கறை எதிலிருந்து வந்தது என்பதைக் கறை சொல்லாது. நமது பெண்கள் மூன்றையும் ‘கீழே’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வழிக்கும் நோய் வேறு, சோதனை வேறு, மருந்தும் வேறு.

பரிசோதனையில் ஆச்சிக்குச் சிறுநீர் வாயிலின் கீழ் ஓரத்தில் ஒரு சிறு சதை காணப்பட்டது. பருமன் ஒரு குன்றிமணி அளவு. நிறமும் குன்றிமணிச் சிவப்பு. மென்மையானது, பஞ்சால் தொட்டதும் ஒரு துளி இரத்தம் கசிந்தது. இதனை மருத்துவர்கள் ‘கரங்கிள்’ என்கின்றனர்.

மொழிபெயர்ப்பாளரின் இயல்பு, ஒரு சொல்லைக் கேட்டால் அதன் வேரைத் தேடுவது. இலத்தீனில் சதைக்குப் பெயர் ‘காரோ’. அதன் சிறுமைப் பெயரே ‘கரங்கிள்’, அதாவது சதைத் துணுக்கு. கண்ணாடியின் முன் நின்று, கண்ணில் மூக்கை ஒட்டிய கோடியைப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பாக ஒரு துளிச் சதை தெரியும். அதற்கும் இதே பெயர்தான். கண்ணில் இருப்பது பிறவியிலேயே அமைந்த உறுப்பு. சிறுநீர் வாயிலில் தோன்றுவது பிற்காலத்தில் வந்து சேர்வது. ‘பாலிப்’ என்ற சொல்லையும் நேயர்கள் கேட்டிருக்கலாம். ‘பல கால்களை உடையது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. காம்பின் நுனியில் தொங்கும் சதைக்கு அப்பெயரை வழங்குகின்றனர். சிறுநீர் வாயிலில் உண்மையான காம்புச் சதை அரிது. வயது முதிர்ந்த மகளிரிடம் மிகுதியாகக் காணப்படுவது கரங்கிள்தான். சில கரங்கிள்களுக்கும் காம்பு இருப்பதால் இரண்டையும் ஒன்றாகவே பலர் பேசுகின்றனர். இது புதிய நோயும் அன்று. 1750-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அறுவை மருத்துவர் சாமுவேல் ஷார்ப் இதனைக் குறித்து எழுதியிருக்கிறார்.

இனி, இச்சதை ஏன் தோன்றுகிறது என்பதைக் காண்போம். அதற்கு முதலில் அவ்விடத்தின் அமைப்பை அறிய வேண்டும்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளிவரும் குழாயைச் சிறுநீர்ப்புறவழி என்பர். ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். மகளிர்க்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். குழாய் என்றதும் இரும்புக் குழாயை எண்ணிவிடக் கூடாது. இதன் உட்புறம் மெல்லிய சவ்வால் ஆனது. அச்சவ்வுக்கு அடியில் பஞ்சு போன்ற ஓர் அடுக்கு உண்டு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னி அதில் நிறைந்திருக்கின்றன. அதற்கு வெளியே தசை சூழ்ந்திருக்கிறது.

அப்பஞ்சு அடுக்கு வீணாக அங்கே வைக்கப்படவில்லை. தண்ணீர்க் குழாயின் திருகுக்குள்ளே ஒரு மெத்தென்ற வாஷர் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். திருகு எவ்வளவு இறுக்கமாயினும் வாஷர் தேய்ந்துவிட்டால் நீர் சொட்டும். அவ்வாறே தசை குழாயை இறுக்குகிறது. இரத்தம் நிறைந்த பஞ்சு அடுக்கு இடைவெளியின்றி அடைக்கிறது. இவ்விரண்டும் ஒத்துழைப்பதால்தான் சிரித்தாலும் இருமினாலும் சிறுநீர் கசிவதில்லை.

இவ்வமைப்பைப் பேணிக் காப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர். கருவில் வளரும்போது சிறுநீர் வாயிலின் இப்பகுதியும் யோனியின் கீழ்ப்பகுதியும் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. ஆகையால் இரண்டும் ஈஸ்ட்ரோஜனின் ஆணையை ஏற்கும் உறுப்புகள். அது போதிய அளவில் இருக்கும்வரை சவ்வு பல அடுக்காகத் தடித்து, ஈரமாய், நெகிழ்வாய் இருக்கும். இரத்த ஓட்டமும் வளமாக இருக்கும்.

நம் நாட்டு மகளிரில் பலர்க்கு 45-க்கும் 50-க்கும் இடைப்பட்ட வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராவிட்டால் அது நின்றதாகக் கொள்வர். அதன்பின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாறுதல்கள் நிகழ்கின்றன. பல அடுக்காயிருந்த சவ்வு சில அடுக்காக மெலிகிறது. அடியிலுள்ள இணைப்புத் திசு தளர்கிறது. அப்பகுதிக்கு வரும் இரத்தமும் குறைகிறது. யோனியில் இயல்பாக வாழ்ந்து புளிப்புத் தன்மையைக் காத்துவந்த நல்ல நுண்ணுயிர்கள் குறைவதால் தீய கிருமிகளுக்கு இடம் கிடைக்கிறது. எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்ச்சி, வறட்சி ஆகியவை இதனால் வருவன. ‘உடம்புச் சூடு’ என்று நம் ஆச்சிமார் பெயரிட்டவற்றுள் இதுவும் ஒன்று. சூட்டை இளநீர் தணிக்கலாம். மெலிந்த சவ்வை இளநீர் தடிக்கச் செய்யாது.

சவ்வு மெலிந்து அடித்தளமும் தளர்ந்துவிட்டால், குழாயின் கடைசி ஓரம் சட்டைக் கையின் உட்புறத் துணி வெளியே தெரிவதுபோல் சிறிது பிதுங்கி வெளியே மடிகிறது. பெரும்பாலும் கீழ் ஓரமே இவ்வாறு மடிகிறது. உள்ளேயே ஈரத்தில் இருக்கப் பிறந்த சவ்வு இப்போது காற்றில் உலர்கிறது, துணியில் உராய்கிறது, சிறுநீரில் எரிகிறது. உடல் அதனைக் காயமாகக் கருதி, காயத்தை ஆற்றும் வேலையைத் தொடங்குகிறது. அவ்விடத்தில் வெள்ளை அணுக்கள் கூடுகின்றன. நீர் கோத்து வீங்குகிறது. புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் உராய்வு ஓய்வதில்லை. ஆதலால் ஆற்றும் வேலையும் முடிவதில்லை. முடிவுறாத இவ்வேலையின் விளைவே அச்சிறு சதை எனலாம்.

இங்கே நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். இரத்த ஓட்டம் குறைகிறது என்று சொல்லிவிட்டு, அச்சதை இரத்தச் சிவப்பாயிருக்கிறது என்றும் சொல்கிறோமே, இது எப்படிப் பொருந்தும்? நமக்கும் இவ்வையம் எழுந்தது. டாக்டர் அம்மையாரிடம் கேட்டுத் தெளிந்தோம்.

கோடையில் வயலைப் பாருங்கள். வாய்க்காலில் நீர் குறைந்து வயல் வெடித்துக் கிடக்கும். அதே வயலில் மடை தூர்ந்த மூலையில் மட்டும் ஒரு சிறு குட்டை தேங்கி நிற்கும். வயலுக்கு நீர் வளம் உண்டு என்று அக்குட்டையைக் கண்டு எவரும் சொல்லார். அதுபோலவே, அப்பகுதி முழுவதிலும் ஓட்டம் குறைந்திருக்க, மடிந்து வெளிவந்த அச்சிறு முனையில் நுண்குழாய்கள் விரிந்து இரத்தம் தேங்கி நிற்கிறது. அழற்சி குழாய்களை விரிக்கிறது. தளர்ந்த திசு அவற்றைத் தாங்கிப் பிடிப்பதில்லை. மேலே மூடியிருப்பதோ மெல்லிய சவ்வு. ஆகவேதான் துடைத்தாலும் உராய்ந்தாலும் ஒரு துளி கசிகிறது. அது பெரும்பாலும் புத்திரத்தமாக, பளிச்சென்ற சிவப்பாக, சில துளிகளோடு நின்றுவிடும்.

சில வேளை இத்தேக்கம் உறைந்துவிடுவதும் உண்டு. விரிந்த குழாய்க்குள் இரத்தம் கட்டிக்கொண்டால், சதை திடீரென வீங்கி, ஊதா நிறமாகவோ கறுப்பாகவோ மாறி, மிகுந்த வலி தரும். அந்நிறத்தைக் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாகக் கருநிறப் புற்றும் அவ்விடத்தில் தோன்றக்கூடும் என்பதால் இரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

எடுத்த சதையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் நோய்க்கூற்று நிபுணர்கள் மூன்று வகைக் காட்சிகளை விவரிக்கின்றனர். சிலவற்றில் மேற்சவ்வு பெருகி மடிப்பு மடிப்பாக இருக்கும். சிலவற்றில் விரிந்த இரத்தக் குழாய்களே மிகுந்திருக்கும். சிலவற்றில் ஆறும் புண்ணில் காணும் செந்திசு மிகுந்திருக்கும். பெரும்பாலானவற்றில் இம்மூன்றும் கலந்தே இருக்கின்றன. நோயாளிக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: இம்மூன்றும் தீங்கற்றவை. இவை புற்றுநோய் அல்ல.

அவ்வாறாயின் அஞ்ச வேண்டியது யாது? சதையை அன்று, சதையைப் போலத் தோன்றும் வேறு ஒன்றை. அவ்விடத்தில் காணப்படும் எல்லாம் கரங்கிள் அல்ல. சிறுநீர் வாயிலைச் சுற்றி வளையம்போல் முழுச் சவ்வும் பிதுங்கியிருந்தால் அது சவ்வு இறக்கம். மூதாட்டியர்க்கும், பூப்பெய்தாத சிறுமியர்க்கும் அது வரும். வாயிலின் இரு பக்கங்களிலும் சிறு சுரப்பிகள் உண்டு. அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற மருத்துவர் 1880-இல் அவற்றை விவரித்தார். அவை அடைபட்டு நீர்க்கட்டியாகலாம். சிறுநீர்ப்புறவழியின் புற்றுநோய் மிக அரிது. எனினும் அது தொடக்கத்தில் கரங்கிள் போலவே காட்சி தரக்கூடும். தொட்டால் கெட்டியாக இருத்தல், விரைந்து வளர்தல், புண்ணாதல், மருந்துக்கு அடங்காமை ஆகிய குறிகளில் ஒன்று இருந்தாலும் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பர்.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. சிறுநீர் வாயிலிலிருந்து வருவதாக நினைக்கும் இரத்தம் கருப்பையிலிருந்து வரலாம். மாதவிடாய் நின்றபின் யோனி வழியே இரத்தம் கண்டு மருத்துவரிடம் வரும் மகளிருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் காணப்படுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் எளியது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் நாம் யார் என்பதைச் சோதனையன்றி அறிய வழியில்லை.

ஆகவே சோதனை எவ்வாறு நடைபெறும் என்பதையும் அறிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைக் கண்டுதானே அச்சம் பெருகுகிறது? கரங்கிளை அறிவதற்குப் பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் விரலும் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அத்துடன் சிறுநீரைச் சோதிப்பர். கருப்பையை அறிய ஒலியலைப் படம் எடுப்பர். ஐயமிருந்தால் இரத்த ஓட்டத்தையே வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையும் இருக்கிறது. 1842-இல் பிராகு நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற அறிஞர் விண்மீன்களின் ஒளியைக் குறித்துச் சொன்ன ஒரு தத்துவம், இன்று நம் உடலுக்குள் ஓடும் இரத்தம் எத்திசையில், எவ்வேகத்தில் செல்கிறது என்பதைக் காட்டப் பயன்படுகிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: இரத்த ஓட்டத்தின் படம் ஒன்றை மட்டும் வைத்து இது தீங்கற்றது, இது தீங்குடையது என்று தீர்த்துவிட முடியாது. ஐயம் எஞ்சுமிடத்தில் திசுவைச் சோதிப்பதே முடிவான வழி.

சிகிச்சையைப் பற்றிச் சில சொற்கள். தொல்லை தராத கரங்கிளுக்கு மருந்தே வேண்டியதில்லை. அவ்வப்போது காட்டி வந்தால் போதும். எரிச்சலும் கசிவும் இருந்தால், வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகன்ற தொட்டியில் நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்திருக்கச் சொல்வர். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைச் சில வாரங்கள் தடவச் சொல்வதும் வழக்கம். அக்களிம்பு சவ்வை மீண்டும் தடிக்கச் செய்கிறது; உராய்வும் அழற்சியும் குறையக் குறையச் சதையும் பலரிடம் சுருங்குகிறது. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். சதை பெரிதாயினும், மருந்துக்கு அடங்காவிடினும், ஐயத்துக்கு இடமாயினும் அறுவை செய்து அகற்றுவர். அது சிறிய அறுவைதான். எடுத்த சதையைத் திசுச் சோதனைக்கு அனுப்புவர். சிலர்க்கு மீண்டும் தோன்றுவதும் உண்டு.

செய்யத் தகாதவையும் சில. சோப்பாலும் கிருமிநாசினியாலும் அவ்விடத்தைத் தேய்த்துக் கழுவக் கூடாது. மெலிந்த சவ்வை அது மேலும் புண்ணாக்கும். கடையில் தாமாகக் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவக் கூடாது. இதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களுக்குக் கசிவு சற்று மிகுதியாக இருக்கலாம். அவர்கள் அம்மாத்திரையைத் தாமே நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் அதன் பெயரைக் காட்ட வேண்டும்.

ஆச்சிக்கு ஒலியலைப் படத்தில் கருப்பை நலமாக இருப்பது தெரிந்தது. களிம்பு தந்தார்கள். சில வாரங்களில் கறை நின்றது. குன்றிமணி மிளகாகச் சிறுத்தது. நம் பிழையால் அவர் பட்டது மூன்று மாத எரிச்சலும் மூன்று மாத அச்சமும்தான். அதனோடு போயிற்றே என்று நாம் ஆறுதல் அடைந்திருந்தோம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

ஆச்சிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு தங்கை இருக்கிறார். குணமான மகிழ்ச்சியில் ஆச்சி அவரைத் தொலைபேசியில் அழைத்தார். நாமும் அருகிலிருந்தோம். ஆச்சி குரலைத் தாழ்த்தவில்லை. “எனக்குச் சிறுநீர் வருகிற வாயிலில் ஒரு சதை. அதிலிருந்து இரத்தம். இப்போது சுகம்” என்று தெளிவாகச் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தங்கை மெல்லச் சொன்னார்: தமக்கும் ஐந்தாறு மாதமாகக் கறை உண்டு, சூடு என்று எண்ணி மோர் குடித்து வருகிறார். “உனக்கு எந்த வழியில்?” என்று ஆச்சி கேட்டார். டாக்டர் அம்மையார் கேட்ட அதே கேள்வி.

தங்கைக்கு அது சிறுநீர் வாயில் அன்று. கருப்பையிலிருந்து வந்த இரத்தம். சோதனையில் புற்றுநோய் தொடக்க நிலையில் இருப்பது தெரிந்தது. அறுவை செய்து கருப்பையை அகற்றினார்கள். இன்று அவர் நலமாக இருக்கிறார். ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். இருவர் துணியிலும் பட்டது ஒரே விதமான கறை. ஒருவருக்குக் களிம்பு போதுமாயிருந்தது. மற்றவருக்கு உயிரே ஊசலில் இருந்தது. இரண்டையும் ‘கீழே’ என்ற சொல் ஒன்றாக்கி வைத்திருந்தது.

தமிழில் சொல் இல்லாமையால் நாம் சொல்லாதிருக்கவில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் மகப்பேற்று நூல்களையும் தமிழாக்கினார். 1961-இல் மத்திய அரசாங்கம் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொற்களுக்கென ஓர் ஆணையத்தை நிறுவியது. அகராதிகளில் சொற்கள் குறைவின்றி இருக்கின்றன. நாவில்தான் அவை ஏறவில்லை. இக்கூச்சம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. முன்னர் மருத்துவ உலகம் இந்நிலையை ‘யோனிச் சூம்பல்’ என்று பொருள்படும் பெயரால் வழங்கி வந்தது. 2014-இல் மாதவிடாய் நிறைவை ஆராயும் வட அமெரிக்கச் சங்கமும், மகளிரின் பாலியல் நலத்தை ஆராயும் பன்னாட்டுச் சங்கமும் கூடிப் பெயரை மாற்றின. பழைய பெயரில் சிறுநீர்த் தொல்லைகளுக்கு இடமில்லை என்பது ஒரு காரணம்; அதைப் பொதுவில் சொல்லக் கூசுகின்றனர் என்பது மற்றொரு காரணம். ஒரு பெயர் சொல்லத் தக்கதாக இருந்தால்தான் நோயும் சொல்லப்படும் என்பதை அறிஞர்களும் உணர்ந்தனர்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இக்கூச்சத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுப் பெரியவர்கள் தம் நோயை மகனிடமோ பேரனிடமோ சொல்லி, அவர் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய் மகனிடம் எதைச் சொல்வாள்? பாதியைத்தான் சொல்வாள். மகன் அதில் பாதியை மொழிபெயர்ப்பான். மருத்துவர் காதில் விழுவது கால் பங்கு. ஆதலால் இயன்றவரை ஒரு பெண்ணை உடன் அனுப்புங்கள். அதுவும் இயலாவிடில் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி அனுப்புங்கள்: வயது என்ன, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு, இரத்தம் எந்த வழியில், எப்போது வருகிறது, உண்ணும் மாத்திரைகள் எவை.

சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்வதும் எளிது. இந்தியில் சிறுநீர் ‘பேஷாப்’, இரத்தம் ‘கூன்’, எரிச்சல் ‘ஜலன்’, வலி ‘தர்த்’, மாதவிடாய் ‘மாஹ்வாரி’. ‘பேஷாப் கீ ஜகஹ் ஸே கூன்’ என்றால் சிறுநீர் வரும் இடத்திலிருந்து இரத்தம் என்று விளங்கிவிடும். மும்பையிலும் புனாவிலும் உள்ளவர்கள் மராத்தியில் சிறுநீரை ‘லகவீ’ எனலாம். இரத்தம் என்ற நம் சொல்லுக்கு அங்கே ‘ரக்த’ என்ற உருவமும், வங்காளத்தில் ‘ரக்தோ’ என்ற உருவமும் உண்டு. சொல் அவ்வளவு தொலைவில் இல்லை. வாயைத் திறப்பதுதான் தொலைவு.

நேயர்களே, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரே ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பெரும்பாலும் அது குன்றிமணி அளவுச் சதையாகவோ மெலிந்த சவ்வாகவோ இருக்கும். அன்றெனினும் முன்கூட்டிக் கண்டது பிழைக்க வழி செய்யும். இன்று இரவு உணவு முடிந்ததும், உங்கள் வீட்டு ஆச்சியிடமோ அத்தையிடமோ மாமியாரிடமோ ஒரு மருமகளோ மகளோ அருகில் அமர்ந்து கேட்கட்டும். “சூடா?” என்று கேட்க வேண்டாம். “இரத்தம் படுகிறதா? எந்த வழியில்?” என்று கேளுங்கள். அன்று மருந்தகத்தில் நாம் சொல்லாமல் விட்ட சொல் அதுவே. அதனை இன்று உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டோம்.